நகராட்சிக் காது

திங்கள்தோறும் காது குடைவது என் வேலை.
ஏணி, வாளி, கம்பித் தூரிகை,
நகராட்சி முத்திரை குத்திய கையுறை.

ஓர் ஆள்மேல் இன்னோர் ஆள் நின்ற உயரம்.
வெண்கலம். மன்றக் கட்டடத்தின் கிழக்குச் சுவரில்
நேற்று ராத்திரி முளைத்தது போல.
இவர்கள் கேட்டது குதிரைமேல் ஒரு தளபதி.
முன்பணம் வாங்கிய லுமிர் ஹனாக்
இரண்டு வருஷம் போனை எடுக்கவில்லை.
பிறகு லாரியில் இது வந்தது.

"மீதி உடம்பு எங்கே?" என்றார் மேயரம்மா
திறப்பு விழாவில், ஒலிபெருக்கியை அணைக்க மறந்து.
"உள்ளே கூட்டம் நடத்துகிறது" என்றான் ஹனாக்
விரலில் வழிந்த கடுகை நக்கியபடி.

அன்றிலிருந்து
முட்டை, தக்காளி, பீர் டின்,
ஆயிரத்து நூறு கையெழுத்துகளோடு
சுருட்டித் திணித்த ஒரு மனு,
ஏதோ குழந்தையின் இடதுகை உறை.
பையன்கள் கெட்ட வார்த்தை கத்திவிட்டு ஓடுகிறார்கள்.
மடலில் சாய்ந்து முத்தமிடுகிறது ஒரு ஜோடி.
வயதானவர்கள் மட்டும்
எதிர்ச்சாரிக்கு மாறிப் போகிறார்கள்.
சுவருக்கும் காது உண்டு என்பது
அவர்களுக்குப் பழமொழி இல்லை,
முகவரி:
மூன்றாம் மாடி, பால் நிறக் கண்ணாடிக் கதவு,
மணியை இரண்டு முறை அழுத்தவும்.

ரெஹோர் அவர்களில் ஒருவர்.
ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.
வாரம் ஒரு கடிதம் பத்திரிகைக்கு:
ஊருக்கே அவமானம்! உருக்கி விற்றுவிடுங்கள்!

நவம்பர். இன்னும் விடியவில்லை.
தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு
காதுத் துளைக்குள் முகம் புதைத்து நின்றார் ரெஹோர்.
குப்பைத்தொட்டிக்குப் பின்னால் நான்,
வாளியின் கைப்பிடி கிணுங்காமல் இறுக்கியபடி.
ரொம்ப நேரம் பேசினார்.
ஏதோ பெயர்கள்.
பெயர்களுக்கு நடுவே தேதிகள்.
ஒட்டுக்கேட்கிறோம் என்று உறைத்தது.
உறைத்தும் நகரவில்லை.

உள்ளே ஒன்றும் கிடையாது, எனக்குத் தெரியும்.
மூன்று சாண் போனால் தூரிகை முட்டும்.
அப்புறம் செங்கல்.

வியாழக்கிழமை வாக்கெடுப்பு:
அகற்ற ஒன்பது பேர், வேண்டாமென்று ஒன்பது பேர்,
ஒருவர் கழிப்பறையில்.
வசந்தத்தில் மறுபடி பேசுவார்களாம்.
ரெஹோரின் கடிதம் அந்த வாரமும் வந்தது,
அதே வசவு, ஓர் ஆச்சரியக்குறி கூடுதல்.

ஆனால் அந்தத் திங்கள், அவர் போன பிறகு,
பனி பூத்த வெண்கலத்தில்
மூச்சு பட்ட இடம் மட்டும் கரைந்து
கறுப்பாக, உள்ளங்கை அளவு.
மற்ற எல்லா இடமும் தேய்த்தேன்.
ஏழு மணிக்குள்
அது தானே உறைந்துவிட்டது.