நீ

ஞாயிறு காலை எட்டரை.
மர்ஃபி டவுனில் முதல் பூசை முடிந்து
செலஸ்டின் பன்றிக்கறிக் கடை முன்னால்
தூக்குச்சட்டியும் துணிப்பையுமாக வரிசை.
கொக்கிகளுக்கு மேலே டிவி.
அதற்குள் இன்னும் சனிக்கிழமை ராத்திரி.

கானாக்காரன். பேர் நீ அடொட்டே.
அவன் ஊரில் ‘நீ’ மரியாதைப்பட்ட பேராம்.
நமக்கோ அது எதிரே நிற்கிற ஆள்.
முப்பத்தியொரு சண்டை, முப்பத்தியொன்றும் வெற்றி.
‘நீ அடிச்சிட்டே’ என்று தூக்கத்தில் நான் உளறினால்
என் பெண்டாட்டி எழுந்து உட்கார்ந்து
யாரை, எப்போ என்று கேட்கிறாள்.

யார் ஜெயிப்பான் என்று பந்தயம் கட்டுவதை
எங்கள் தெரு நிறுத்தி நாலு வருஷம்.
எத்தனாவது ரவுண்டு, அதுதான் இப்போது பேச்சு.
டெரன்ஸ் ஐந்து. எப்ரேம் ஏழு.
ஹவில்தார் தேவசகாயம் காசு வைக்க மாட்டார்,
சாப்பர்ஸ் பட்டாளத்தில் கையுறை மாட்டினவர்.
"இடது கை இறங்குது பாரு.
இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு" என்பார்.
அந்த நாளைக்கு ஆறு வருஷமாக வரவில்லை.

நான் யாரிடமும் சொல்லாமல்
ஐந்நூறை எதிராளி மேல் வைத்திருந்தேன்.
செலஸ்டினுக்குத் தெரியும்,
காலண்டர் முதுகில் பென்சிலால் குறித்தவர் அவர்தான்.
காசுக்காக இல்லை.
எப்பேர்ப்பட்டவனும் ஒரு தடவை
மூக்குடைந்து வீடு திரும்பட்டுமே என்று.
நான் திரும்பினேன், மார்ச்சில்.
அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து
அவர்களே கழற்றிக்கொண்டார்கள்.

மணி அடித்தது.
செலஸ்டின் கத்தியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினார்.
யாருடைய முக்கால் கிலோ விலாவோ பாதியில் கிடந்தது.
கேட்பாரில்லை.

இரண்டாம் ரவுண்டு. ஒரு நிமிஷம் பதினொரு வினாடி.
அடி விழுந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை.
எதிராளியின் முழங்கால் மட்டும்
எதையோ மறந்துவிட்டு வந்த மாதிரி
நின்று, யோசித்து, மடங்கியது.
வெள்ளைப் பல்லுறை
தரையோடு சறுக்கிப் போய்க்
கயிற்றுக்கடியில் நின்றது.

கொஞ்ச நேரம் ஈ சத்தம்.
பிறகு கூரை பறந்தது.

டெரன்ஸ் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தான்,
அவன் பந்தயம் போனதே அவனுக்குத் தெரியாது.
எப்ரேமுக்குத்தான் ஆத்திரம்.
"பல்லுகூட விளக்காம வந்தேன், இதுக்கா குரு?
அவன் காசு வாங்கிட்டு படுத்துட்டான்."
"யாரை அடிச்சிட்டான் பெருசா,
சப்பை ஆளா பொறுக்கிப் பொறுக்கி..."
"பொறுக்க மிச்சம் எவன்டா இருக்கான்?"
"இடது கை இறங்கித்தான் இருந்துச்சு"
என்றார் ஹவில்தார்,
தானே விழுந்த குரலில்.

ராத்திரி ட்யூட்டி முடித்து
யூனிஃபார்மோடு நின்ற ரீட்டா மட்டும்
கீழே கிடந்தவனை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.
"எழுப்பாதீங்கடா, எழுப்பாதீங்க,
கண்ணு இன்னும் ஒண்ணு சேரல" என்று
டிவியை அதட்டினாள்.
அவன் எழுந்துவிட்டான்.
என்ன ஆச்சு என்று நடுவரைக் கேட்டான்.
நடுவர் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார்.
அந்த முகம் எனக்குப் பழக்கம்.
ஆபீஸ் லிஃப்ட் கண்ணாடியில் பார்த்தது,
ஒன்பதாம் மாடியிலிருந்து தரை வரைக்கும்.

அவன் பக்கம்தான் நான் நின்றிருக்க வேண்டும்.
ஐந்நூறும் அவன் மேல்தான்.
ஆனால் என் வயிற்றுக்குள்
ஏதோ ஒன்று முடிச்சவிழ்ந்து இளகியது.
கானாக்காரன் விழுந்திருந்தால்
இந்த வரிசையில் நின்றிருப்பேனா, தெரியவில்லை.
நியாயமில்லாத சந்தோஷம்.
இருந்துவிட்டுப் போகட்டும்.

கையைத் தூக்கினார்கள்.
அறிவிப்பாளன் மூச்சை உள்ளே இழுத்து
அந்த ஓரெழுத்தை அரங்கம் முழுக்க நீட்டினான்.
கடை திருப்பிக் கத்தியது:
நீ! நீ! நீ!
டிவியை நோக்கிப் போன டெரன்ஸின் விரல்
ஆட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றி
என் நெஞ்சில் வந்து குத்தியது.

"நீதானே அடுத்தது? எவ்வளவு?"
கட்டையிலிருந்து கத்தியைப் பிடுங்கியபடி செலஸ்டின்.
அரைக் கிலோ என்றேன்,
கால் கிலோவுக்கு வந்தவன்.
"கொழுப்போட போடுங்க."