கிண்ணம் எந்தப் பக்கம்

பங்னிர்துங்கில் எழுத்துக்குக் கொம்பு கிடையாது.
காலும் கிடையாது, சுழியும் கிடையாது.
மெய் ஒன்றுதான்.
அது திரும்பி நிற்கிற பக்கம்தான் உயிர்.
நாம் புள்ளி வைத்தால் உயிர் போகும்,
அவர்கள் புள்ளி வைத்தால்
உயிர் நீளும்.

கவிழ்த்து வைத்த கிண்ணம் தி.
வலப்பக்கம் சாய்த்தால் து.
இடப்பக்கம் சாய்த்தால் த.
இதைச் சொல்லும்போது கீலா
நிஜமாகவே ஒரு கிண்ணத்தைக் கையில் வைத்திருப்பாள்,
காலையில் ஓட்ஸ் கஞ்சி குடித்த
அதே நீலப் பிளாஸ்டிக் கிண்ணம்.
மேசையைச் சுற்றி ஏழு பேர்.
மீக்கா மட்டும் எழுத்தைப் பார்ப்பதில்லை,
விளிம்பில் காய்ந்த கஞ்சியைப் பார்க்கிறாள்.

கீலாவுக்கு இருபத்திரண்டு வயது.
இந்த வேலைக்கு வந்து ஐந்து வாரம்.
அதற்கு முன் கூட்டுறவுக் கடையில் கல்லா.
அங்கே யாரும் ரசீதைத் தலைகீழாகப் பிடித்து
"இது என் பேரா?" என்று கேட்டதில்லை.
இரவில் பால் அட்டைப்பெட்டியின் முதுகில்
மறுநாள் எழுத்துகளை அவளே எழுதிப் பார்க்கிறாள்.
தங்கைக்கு அனுப்பும் மெசேஜ் மட்டும்
இங்கிலீஷ் எழுத்தில் போகிறது.

ஜேபிட்டிக்கு நாலு வயது. இடது கைக்காரன்.
மார்க்கரை உளி மாதிரி பிடிப்பான்.
துக்து எழுதச் சொன்னாள்,
துக்து என்றால் கரிபூ மான்.
முதல் கிண்ணம் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது.
தக்து.
கீலா அதை வாய்விட்டுப் படித்தாள்.
வாலில் ஒரு குட்டி க் ஒட்டினால்
தக்துக், மூடுபனி.
"மான் எங்கேடா?"
அவன் காகிதத்தைத் தட்டினான்.
"உள்ளேதான் இருக்கு.
உனக்குத் தெரியலை."

வேறு ஊர்களில்
கண்ணாடிக்குள் விழுந்த எழுத்து வெறும் பிழை.
சிவப்பு மையில் ஒரு வட்டம், அதோடு முடிந்தது.
இங்கே எப்படிப் புரட்டிப் போட்டாலும்
அது எதையாவது சொல்லித் தொலைக்கிறது.
கீலாவுக்கு அதுதான் தொல்லை.
தப்பு என்று சொல்ல வாய் எழவில்லை.
"அது வேறே" என்கிறாள்,
நாளைக்கு நாற்பது தடவை.
அது வேறே, ஊலூட்டி.
அது வேறே, கண்ணா, கிண்ணத்தைப் பார்.
வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினாலும்
கிண்ணங்கள் சாய்ந்துகொண்டே இருக்கின்றன.

மணி மூன்று. வெளியே நன்றாக இருட்டிவிட்டது.
ஹீட்டர் மேல் பதினான்கு கையுறைகள்,
அறை முழுக்க நனைந்த நாயின் வாசனை.
ஜேபிட்டி ஜன்னலில் ஹா என்று ஊதினான்.
வெளுத்த இடத்தில் விரலால் எழுதினான்.
இரண்டு கிண்ணமும் இடப்பக்கம்.
நடுவிலிருந்த குட்டிக் கொக்கியும்
புரண்டு படுத்திருந்தது.
த, என்னவோ, த.
முன்னால் ஓர் அ,
முதல் த-வின் தலையில் ஒரு புள்ளி,
நடுவிலிருப்பதைத் துடைத்துவிட்டால்
அத்தாத்த. அப்பா.
கீலா குனிந்தாள்,
நாற்பத்தோராவது தடவையாக
"அது" வரைக்கும் வந்தாள்.

பனிவண்டியின் விளக்கு ஜன்னல் மேல் விழுந்தது.
இறங்கியவர் ஜேபிட்டியின் அப்பா,
மீசையில் உறைபனி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
உதட்டை அசைத்துப் படித்தார்.
பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி
விரல்களை அகல விரித்தார்.
கொம்பு.

கீலா உள்ளேயிருந்து இன்னொரு முறை படித்தாள்.
அதே த. அதே த.
அதற்குள் எழுத்து ஒழுக ஆரம்பித்திருந்தது.

ஜேபிட்டி வாசலுக்கு ஓடினான்.
பூட்ஸைக் கால் மாற்றி மாட்டியிருந்தான்.
மண்டியிட்டு
அதை மட்டும் திருத்தினாள்.