விரித்த கை

ஊதிவிட்டேன். அதுவரை சரி.
கையும் மேலே போய்விட்டது.
விரல்கள்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.

மூடினால் ஃபவுல்.
விரித்து வைத்து, பிறகு இரண்டு முஷ்டிகளையும்
ஒன்றையொன்று துரத்தவிட்டால் டிராவல்.
ரோக்கிஷ்கிஸ் பள்ளி அரங்கில்
முந்நூறு பேரும் என் உள்ளங்கையைப் பார்க்கிறார்கள்,
ரேகை பார்க்கிறவர்களைப் போல.

ஒரு நிமிடம் பன்னிரண்டு வினாடி பாக்கி.
இரண்டு புள்ளி வித்தியாசம்.
ஏழாம் எண் ருஸ்னே தாவிப் பந்தைப் பிடித்தாள்,
இறங்கினாள்,
இறங்கிய இடத்தில் முழங்கால் அவள் சொன்னதைக் கேட்கவில்லை.
உறைந்த குட்டையை மிதித்த மாதிரி ஒரு சத்தம். அல்லது அது ஷூவா.
அப்புறம் அலறல்.
பந்தை வயிற்றோடு அணைத்தபடி
புரண்டாள். ஒரு முறை. இன்னொரு அரை.

விதி எனக்கு மனப்பாடம்:
பந்தோடு விழலாம். விழுந்த வேகத்தில் சறுக்கலாம்.
புரளக் கூடாது. எழ முயலக் கூடாது.
வலியில் புரள்கிறவளைப் பற்றி
அந்தப் பக்கத்தில் இடம் போதவில்லையோ என்னவோ.

"டிராவல்!" என்கிறார் பிர்ஜாய் பயிற்சியாளர்.
சொல்லிவிட்டு, சொன்ன வெட்கத்தில்
தன் டையைச் சரிசெய்துகொள்கிறார்.
"அடியில கால வச்சா, உனக்குக் கண் இல்லையா?"
இது எங்கள் ஊர் பெஞ்சு.

கண் இருந்தது. பந்தின் மேல் இருந்தது.
மேலே பார்த்தவளுக்குக் கீழே நடந்தது தெரியாது.
காதுதான் ஊதியது, என் வாய் வழியாக.

பிர்ஜாயின் ஒன்பதாம் எண், ஏற்கெனவே நாலு ஃபவுல்,
தன் வலது ஷூவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்,
அது வாய் திறந்துவிடுமோ என்பதுபோல்.
பதினாறு வயது இருக்கும்.
தப்பு செய்த முகம் அப்படித்தான் இருக்கும்.
பயந்த முகமும் அப்படித்தான்.
முகத்துக்கு ஊத முடியாது.

பகலில் சீஸ் ஆலையில் பாலின் கொழுப்பைச் சோதிக்கிறேன்.
கண்ணாடிக் குழாயில் ஒரு கோடு வந்து நிற்கும்: மூன்று புள்ளி எட்டு.
பண்ணைக்காரர் மல்லுக்கு நின்றால்
மறுபடி ஊற்றிக் காட்டலாம்.
இங்கே மறுபடி ஊற்ற ஒன்றுமில்லை.
ஒரு அப்பாவின் கைபேசி இருந்தது. அவர் அப்போது
ஸ்கோர்போர்டைப் படம்பிடித்துக்கொண்டிருந்தாராம்.

நடுக்கோட்டிலிருந்து விட்மான்தாஸ் ஓடிவந்தான்.
"கால பாத்தியா?"
"இல்ல. நீ?"
"அவ முதுகு மறைச்சிருச்சு."
இரண்டு விசில், நாலு கண், ஒரு முழங்கால்,
சாட்சி மட்டும் இல்லை.
அவன் என் விரல்களைப் பார்த்தான்.
அவற்றை அப்படியே விட்டேன், விரித்து.
காயத்துக்காக நிறுத்தம். பந்து அவர்களுக்கே.
ஃபவுலும் இல்லை, டிராவலும் இல்லை.
இரண்டு பக்கமும் ஒரே குரலில் திட்டியது;
அன்று இரவு அவர்கள் ஒத்துப்போனது இதில் மட்டும்.

ஸ்ட்ரெச்சர் வந்தது.
ருஸ்னே பந்தை விடவில்லை.
மருத்துவ உதவியாளர் இழுத்துப் பார்த்தார்,
அவள் அம்மா இறங்கி வந்து கெஞ்சினாள்,
கைகள் பூட்டிக் கிடந்தன.
ஆட்டத்துக்கு அந்தப் பந்து வேண்டும். நானே குனிந்தேன்.
வேர்வையும் தரை மெழுகும் கலந்த வாசனை.
கண்ணைத் திறக்காமல் கேட்டாள்: "யாரோட பந்து?"
"உங்களோடது."
விட்டாள்.

பந்து சூடாக இருந்தது.
பக்கக் கோட்டுக்குக் கொண்டுபோனேன்.
எறிய வேண்டியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.
அவளை மறிக்க வந்தது ஒன்பதாம் எண்,
என்னிடமிருந்து ஒரு கை தூரத்தில்.
என் பக்கம் திரும்பினாள்.
ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

நான் பந்தைக் கொடுத்துவிட்டேன்.