பெக்கோ வராத ஆண்டு

பதினொரு மனு எழுதியிருக்கிறேன்.
எல்லாவற்றிலும் ஒரே கான்,
ஒரே தண்ணீர், முழங்காலளவு,
'தங்கள் மேலான கவனத்திற்கு'.
ஐப்பசி தோறும் நகரசபை ஒரு பெக்கோ அனுப்பும்.
மஞ்சள் கை சேற்றை அள்ளிக் கரையில் வைக்கும்.
மழை அதைத் திரும்பக் கானுக்குள் வைக்கும்.
அந்த யந்திரத்துக்கு நாங்கள் கைதட்டியிருக்கிறோம்.
ஓட்டுநருக்குச் சோடா உடைத்துக் கொடுத்தவள் நான்,
மாதர் சங்கச் செயலாளர்.

இந்த வருடம் பெக்கோ பழுது.
கந்தளாயில் நிற்கிறதாம்,
ஏதோ ஒரு பல் கொழும்பிலிருந்து வரவேண்டுமாம்.

உட்துறைமுகத்தைப் பார்த்த மண்டபத்தில்
ஆறு சனிக்கிழமை பயிற்சி.
தலைமைத்துவம் என்று பதாகையில் இருந்தது.
எனக்குத் தெரிந்த தலைமை
ஒலிவாங்கியைத் தட்டிப் பார்ப்பது.
'உங்கள் ஊர்ப் பிரச்சினையில் உங்கள் பங்கு என்ன?'
தாளில் கேட்டிருந்தார்கள்.
'மனு எழுதுவது' என்று எழுதினேன்.
பக்கத்துக் கதிரை, கிண்ணியா றிஸ்மினா
எட்டிப் பார்த்துச் சிரித்தாள்:
"அது உங்கட வேலை, ராத்தா.
அவங்க பங்கைக் கேக்கிறாங்க."

அந்தச் சிரிப்பு பஸ்ஸில் என்னோடு வீடுவரை வந்தது.

கடல்வாயிலிருந்து மேல்நோக்கி நடந்தோம்.
அளவுநாடாவின் ஒரு நுனி மரியசீலனிடம்,
மறுநுனி ரயில் குவார்ட்டர்ஸ் சந்திரலதாவிடம்.
வாயில் அறுந்த நைலோன் வலை, மணல்.
கோயில் மதிலடியில் ஐந்தடி நாலாகிறது.
பௌசுலின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் மூன்று.
கோட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு புள்ளிமான்
லஞ்ச் சீற்றை மென்றபடி எங்களைப் பார்த்தது.
பிறகு என் வீடு.

ஒன்றரை அடி.

மகள் பெரியபிள்ளையான வருடம்
அவசரத்தில் கட்டிய குளியலறை.
அத்திவாரம் கானுக்குள் கால் நீட்டியிருந்தது
அந்த வீட்டுக்காரரைப் போலவே.
நாடா சுருண்டு உள்ளே ஓடும் சத்தம் மட்டும்.
சந்திரலதா துறைமுகப் பக்கம் பார்த்தாள்.
எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.
தெரிந்துகொண்டே
பதினொரு மனுவிலும் எனக்குக் கீழே
கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

பாலர் பாடசாலையில் கூட்டம்.
குட்டிக் கதிரைகளில் பெரிய மனிதர்கள்,
முழங்கால் நாடியில் முட்ட.
"பெக்கோ கொண்டுவர ஏலாட்டி
நீ என்னத்துக்குச் செயலாளர்?"
பதில் நாக்கு நுனிக்கு வந்தது, விழுங்கினேன்.
சோற்றுப்பானையிடம் கற்க வேண்டியிருந்தது:
கொதிக்கவும் வேண்டும்,
பொங்கி அடுப்பை அணைக்கவும் கூடாது.
கத்தி முடியட்டும் என்று இருந்தேன்.
பிறகு கரும்பலகையில், பிள்ளைகள் கீறிய பூவுக்குப் பக்கத்தில்
எழுதினேன்: என் வீடு, மூன்றரை அடி களவு.

யாரும் இருமக்கூட இல்லை.
சுவரில் பல்லி இரண்டு தரம் சொன்னது.
பௌசுல் தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டு,
"ரெண்டடி நானும்தான். எழுதுங்க" என்றார்.
மரியசீலன் வலைகளுக்குப் பொறுப்பென்றான்,
தன்னுடையதுக்கு மட்டும், அதுவும் முணுமுணுத்து.
கோயில்காரர் "கேட்டுச் சொல்கிறோம்" என்றார்.
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்,
யாரை என்று தெரியவில்லை.

சுவர் ஒரு பகலில் விழுந்தது.
ஒன்பது நாள் வீட்டுக்காரர் கதைக்கவில்லை.
பத்தாம் நாள் "உப்புக் காணாது" என்றார்.
மகள் குளிக்கச் சந்திரலதா வீட்டுக்குப் போகிறாள்,
வாளியை ஓங்கி வைத்து,
எனக்குக் கேட்கும்படி.

கார்த்திகை அடைமழை.
போன வருடம் நாலு நாள் நின்ற தண்ணீர்
இம்முறை ஒன்றரை நாள்.
கோயில் மதிலுக்கு மேலே இருப்பவர்களுக்கு
அதே நாலு நாள்தான்.
அவர்கள் என்னைக் கண்டால் குடையைச் சரிக்கிறார்கள்.
நானும் சரிக்கலாம். சரிப்பதில்லை,
நனைந்துகொண்டு நின்று, 'எத்தனை அங்குலம்?' என்கிறேன்.

நேற்று நகரசபையிலிருந்து அழைப்பு:
"பெக்கோ சரி, அக்கா. அனுப்பவா?"

ஓம் என்று வாய் திறந்துவிட்டது.
மூடிக்கொண்டு சொன்னேன்,
"வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கு, தம்பி.
கேட்டுச் சொல்லுறன்."