ஒன்பதாம் பாகத்து ரயில்

அவன் பெயர் ஜோல்ட்.
சமையல்கட்டில் மருதமுத்து அண்ணன்
மூன்று நாளும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.
ஹங்கேரிக்காரன். பை முழுக்க நாற்பத்திரண்டு பட்டன் படங்கள்,
படியேறும்போது சலங்கைச் சத்தம்.
அத்தனையிலும் ஒரே பெண்.
நீல முடி, முகத்தில் பாதி கண்.

காலையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்தேன்.
சட்டைப் பையிலிருந்து அவளை எடுத்து நிறுத்தினான்,
விரல் நீளம், கண்ணாடித் தகட்டில் வெட்டிய பொம்மை.
படம் பிடித்தான். பிறகு
இன்னொரு தட்டு வேண்டுமென்று சைகை காட்டினான்,
அவளுக்கு.
பில்லில் எப்படி எழுதுவதென்று முதலாளி யோசித்தார்.

அவன் இங்கிலீஷ் எனக்கு ஓடவில்லை,
என்னுடையது அவனுக்கு.
சம்பல் உறைத்ததும் கையை உதறி
"மிசு, மிசு" என்றான்.
தண்ணீர் ஊற்றினேன்.
ஊற்றிய பிறகுதான்
இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம்.

பதினாறு வருஷம் கார்ட்டூன் பார்த்துப் படித்த ஜப்பான் அவனுடையது.
என்னுடையது பண்டாரவளையில், பார்மசிக்கு மேல்மாடியில்,
ஞாயிறு காலை எட்டு மணிக்கு.
அம்மாவின் தோடு அடகில் இருக்கிறது அதற்காக.
அங்கே 'ல' கிடையாது.
திலோஜினி அங்கே திரோஜினி.

அவனுக்குத் தெரிந்தவை:
உருமாறு. தோற்க மாட்டேன். இருளின் வாளே, விழித்தெழு.
எனக்குத் தெரிந்தவை:
வலிக்கிறதா. மெல்லத் திரும்புங்கள். மென்று விழுங்குங்கள்.
நனைந்துவிட்டதா, பரவாயில்லை, மாற்றிவிடலாம்.
இவ்வளவையும் வைத்து மூன்று நாள் பேசினோம்.
குடையில்லாமல் மழையில் வந்தவனிடம்
நனைந்துவிட்டதா, பரவாயில்லை என்றேன்.
கேஸ் தீர்ந்த அடுப்பின் முன் நின்று
இருளின் வாளே என்றான் அவன்.

ஒன்பதாம் பாகத்தில் ஒரு ரயில் வருமாம்,
பனிமூட்டத்துக்குள், தேயிலைக்கு நடுவே.
அது அப்புத்தளைதான் என்று அடித்துச் சொன்னான்.
போனில் காட்டினான்.
மூட்டம் இருந்தது. ரயில் இருந்தது.
எந்தக் கவ்வாத்துக் கத்தியும் படாத தேயிலை.
நான் சொல்லவில்லை.

அம்மா கொழுந்து பறிக்கும் மலைக்குக் கூட்டிப்போனேன்.
செடிமேல் பொம்மையை நிறுத்தினான்.
கூடையோடு பெண்கள் சுற்றி நின்றார்கள்.
"என்ன சாமி இது?"
அம்மா வாங்கி, கறை பிடித்த விரல்களால்
கண்ணில் ஒற்றித் திருப்பிக் கொடுத்தாள்.
சிரிப்பான் என்று பார்த்தேன்.
குனிந்தான். சரியாக நாற்பத்தைந்து பாகை.
எங்களுக்கு அதைச் சுவரில் கோடு கிழித்துப் பழக்கினார்கள்.

கடைசி ராத்திரி கேட்டேன்,
அங்கே வயசானவர்கள் என்ன பேசுவார்கள்?
ஏழு தடவை போய்வந்தவன்
வெகுநேரம் யோசித்தான்.
ஒரே ஒரு கிழவி என்றான். வடக்கே, பனி கொட்டும் ஊரில்,
ஸ்டேஷன் பக்கத்தில் பட்டன் படம் விற்பவள்.
மீதிச் சில்லறையோடு அவன் கையைப் பிடித்து
ஏதோ சொன்னாளாம். புரியவில்லை.
யாரையும் கேட்கவுமில்லை.
ஆசீர்வாதம் என்று வைத்துக்கொண்டான், நாலு வருஷமாய்.
அந்தச் சத்தத்தை மட்டும் சிந்தாமல் எடுத்து என் முன் வைத்தான்:
ஷிபரெரு நே.

போன செட் பிள்ளைகள் அந்தப் பக்கம்தான் போனார்கள்.
குமுது டீச்சர் பலகையில் எழுதிப்போட்ட சொல்.
எலும்புவரை குளிருதே. அவ்வளவுதான்.

அவன் முகம் இறங்கியது.
பொம்மையைத் துடைத்தான். திரும்ப வைத்தான்.
பிறகு கேட்டான்,
ஊர் குளிருகிறது என்றாளா,
என் கை குளிருகிறது என்றாளா?
பரீட்சையில் வராத கேள்வி.

காலையில் ரயில் ஒன்றரை மணி லேட்.
மூட்டம் ஏறிவந்து ஸ்டேஷன் போர்டில்
மூன்று பாஷையையும் அழித்தது.
அவன் ஸிப்பைக் கழுத்துவரை இழுத்தான்.
நான் சால்வைக்குள் கையை வைத்துக்கொண்டேன்.
ஷிபரெரு நே என்றான்,
என்னைப் பார்த்தா, ரயில் வரும் பக்கமா,
தெரியவில்லை.

ஆமாம் என்றேன்.
தமிழில்.