சீல் நம்பர்

வியாழக்கிழமை, பதினொன்றே கால்.
ஜீரோ கேட்டுக்கு வெளியே
எனக்கு முன்னால் நாற்பத்து மூன்று வண்டி.
கிளினிக்கிலிருந்து ஹெப்சிபா பேசினாள்:
அண்ணே, ஒன்பதாம் தேதி முதுகில போட்டோமே ஒரு ஊசி,
தலைவலி இருக்கா? காய்ச்சல்? கழுத்து மடங்குதா?

எதுக்கும்மா கேக்குற.
கம்பெனி அந்த மருந்தைத் திரும்பக் கேட்டிருக்காங்கண்ணே.

திரும்பக் கேட்டிருக்கிறார்கள்.
இரவல் கொடுத்த குடத்தைக் கேட்பது போல.

பின்னால் ஹாரன். ஒரு வண்டி நீளம் நகர்ந்தேன்.

இருபத்திரண்டு வருஷமாய் எண்ணூர் ரோட்டில்
திரும்பிப் போகும் பெட்டிகளை இழுத்திருக்கிறேன்.
ஈரம் பட்ட பஞ்சு, புழு வைத்த பருப்பு,
ஒருமுறை நாற்பதடி நிறைய
இடது கால் செருப்பு மட்டும்.
எல்லாவற்றுக்கும் காகிதம் உண்டு,
கதவில் ஒரு சீல், சீலில் ஒரு நம்பர்.
என் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில்
இறக்கி வைத்த சரக்கை
எந்த கேட் வழியாக வெளியே எடுப்பார்கள்?

சாயங்காலம் தண்டையார்பேட்டையில்
கிளினிக் மாடிப்படியில் படிக்கு ஒருவராய் உட்கார்ந்திருந்தோம்.
காஜா எடுக்கும் தாஜுன்னிசாவுக்கு முட்டியில்.
வெல்டர் கோதண்டத்துக்குத் தோளில்.
கொருக்குப்பேட்டைப் பையன் அம்மாவுக்காக வந்திருந்தான்,
அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம்.
காசு திருப்பித் தருவாங்களா என்றார் ஒருத்தர்.
யாரும் சிரிக்கவில்லை.
கொஞ்சம் கழித்து எல்லோரும் சிரித்தோம்.

முட்டியில போட்டவங்களுக்கு அவ்ளோ பயமில்லையாம்,
முதுகுலதான் என்று தாஜுன்னிசா ஆரம்பித்து
என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டாக்டரும் தூங்கியிருக்கவில்லை.
பூஞ்சை என்றார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்,
ஆறு வாரம் கவனமாக இருங்கள் என்றார்.
பூஞ்சையை எனக்குத் தெரியும்.
ஐப்பசியில் தோல் பெல்ட்டில் பூக்கும்,
மறந்துபோன ரொட்டியில் பூக்கும்.
எனக்குள் பூத்தால் எதைத் தூக்கிப் பார்ப்பேன்?

ஹெப்சிபா பேரேட்டைப் புரட்டினாள்.
என் பெயருக்கு நேரே மருந்துப் புட்டியின் நம்பர்.
கடைசி இலக்கத்தில் ஸ்பிரிட் சொட்டிக் கரைந்திருந்தது.
மூன்றா, எட்டா.
எட்டென்றால் திரும்பக் கேட்ட சரக்கு.
மூன்றென்றால் வீட்டுக்குப் போகலாம்.
கேட்டில் இப்படியொரு நம்பரை நீட்டினால்
ஓரங்கட்டு என்பான்.
ஓரமாய்ப் போய் நின்றேன்.

ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை.
வலி போய்விட்டது.
மூன்று வருஷத்தில் முதல்முறையாக
இடுப்பில் கை ஊன்றாமல் கேபினில் ஏறினேன்.
ஒருக்களித்துப் படுத்தேன்.
இந்தச் சுகத்தை இப்போது எங்கே வைப்பது?
திருட்டுச் சாமான் மாதிரி
தலைமாட்டிலேயே கிடக்கிறது.

டீசல் புகையில் ராத்திரி தலை லேசாக வலிக்கும்.
இத்தனை வருஷமாய் வலிப்பதுதான்.
இப்போது அதையும் நிறுத்திவைத்து
பேர் கேட்கிறேன், ஊர் கேட்கிறேன்.

பவுனு விளக்கைப் போடுவாள்.
பின்தலையில் உள்ளங்கை வைத்து மெல்ல அழுத்துவாள்.
தாடை போய் நெஞ்சைத் தொடும்.
தொட்டுச்சு என்பாள்.
காலண்டரில் ஒரு கட்டத்தை அடித்துவிட்டு
விளக்கை அணைப்பாள்.

கொஞ்ச நேரம் கழித்து
மறுபடியும் போடுவாள்.