விட்டுத் தள்ளுதல்

அஞ்சுகிராமம், உரக்கடைக்கு மேல்மாடி.
செவ்வாயும் வெள்ளியும் ஆறரைக்கு வகுப்பு.
அணுமின் நிலைய வேலை முடிந்து
மூன்று ரஷ்யர்கள் ஒரே ஆட்டோவில் வந்திறங்குவார்கள்.
கெனாதி குழாய் பற்றவைக்கிறவர்.
உரக்கடைக்காரருக்கு அவர் கென்னடி;
எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு கென்னடி உண்டு.
லுத்மிலா கணக்குப் பிரிவு.
ருஸ்தம் எதையும் கட்டம் போட்டு எழுதுகிறவன்.

கிவ் தெரியும் என்றான் ருஸ்தம். கொடு.
அப் தெரியும். மேலே.
கிவ் அப் என்றால் தூக்கிக் கொடுப்பதுதானே?
இல்லை, கைவிடுவது என்று சொல்ல வாயெடுத்தேன்.
எடுத்த வாய் அப்படியே நின்றது.
எந்தக் கையை, எங்கே விட்டோம் இத்தனை நாளாக?

லுத்மிலா சாக்பீஸை வாங்கி
தன் மொழியின் ஒரு ‘நட’வை எழுதினாள்.
முன்னால் ஓர் ஒட்டு: வந்து சேர்ந்தான்.
அதை அழித்து இன்னொன்று: கிளம்பிப் போனான்.
மூன்றாவதற்கு, போகிற வழியில் சும்மா எட்டிப் பார்த்தான்.
எங்களுக்கு எஞ்சின் முன்னால், டீச்சர்.
இந்த ஆங்கிலம் ஏன் பின்னால் மாட்டி
இழுக்காமல் தள்ளுகிறது?

நான் தமிழை எண்ணிப் பார்த்தேன்.
விழுந்துவிட்டான். விழுந்து வைத்தான். விழுந்து தொலைத்தான்.
ஒரே ஆள், ஒரே படிக்கட்டு.
விழுந்தவனைவிடப் பார்த்தவனைப் பற்றித்தான்
அந்த வால் அதிகம் சொல்கிறது.

கெனாதி சொன்ன கதை:
சாரத்தின் மேல் நிற்கையில் போனில் இன்ஜினியர்
ஹேங் ஆன் என்றாராம்.
தொங்கு என்றால் ஏதோ ஆபத்து.
இவர் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு
பத்து நிமிஷம்.
போன் கீழே விழுந்து உடைந்ததுதான் மிச்சம்.

காலை இழுப்பது அங்கே வெறும் கிண்டல் என்று
நானே முப்பது வயதில்தான் தெரிந்துகொண்டேன்.
அதுவரை, யூ ஆர் புல்லிங் மை லெக் என்று சிரித்த
ஒரு தலைமையாசிரியையிடம்
நான் யார் காலையும் வாரவில்லை மேடம் என்று
அழுதிருக்கிறேன்.

ஏமாற்றுவதற்கு ரஷ்யாவில்
காதில் நூடுல்ஸைத் தொங்கவிடுவார்களாம்.
நாங்கள் பூ சுற்றுவோம் என்றேன்.
மூன்று பேரும் எழுந்து கை கொடுத்தார்கள்.
ஆங்கிலக்காரன் காதை விட்டுவிட்டுக்
கண்ணில் கம்பளியை இழுக்கிறான்,
அங்கே குளிர் போல.

லெட் இட் கோ வந்த வெள்ளிக்கிழமை
நாலு விதமாக விளக்கியும் ஏறவில்லை.
கடைசியில் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னேன்:
சவத்த விட்டுத் தள்ளு.
சவம் என்றால்?
சொன்னேன்.
யார் செத்தது என்று எழுந்துவிட்டார் கெனாதி.
யாரும் சாகவில்லை, உட்காரும்.
பஸ் போனாலும் சவம்தான்,
குழம்பு தீய்ந்தாலும் சவம்தான்.
ருஸ்தம் அதற்கென்று புதுக் கட்டம் போட்டான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் கெனாதி மட்டும் வந்தார்.
வகுப்பு நடுவே வோல்கோதோன்ஸ்கிலிருந்து போன்.
ஜன்னலோரம் போய்ப் பேசினார்.
அவர் பேசியது குறைவு, கேட்டது அதிகம்.
தூரத்தில் காற்றாலைகள் மழைக்குள்
இருப்பதும் இல்லாததுமாகச் சுற்றின.

வந்து உட்கார்ந்தார். நோட்டைத் திறந்தார்.
ஏதும் பிரச்சினையா என்றேன், ஆங்கிலத்தில்.
வெல்டிங் தழும்புள்ள விரலால்
பேனா மூடியைக் கழற்றி, மாட்டி, கழற்றி,
சவத்த விடுங்க டீச்சர் என்றார்.
உச்சரிப்பில் ஒரு பிசகும் இல்லை.

எந்த வினை என்று நான் கேட்கவில்லை.
பக்கம் நாற்பத்தொன்று என்றேன்.
கெட் த்ரூ.
அதில் மழை முடிகிறவரை நின்றோம்.